பாஸ் புத்தகத்தைப் படித்தல்: தென்காசிச் சீமையில் வயது வந்தோர் கல்வி

1. எல்லை

குற்றால மலையடிவாரத்து வடகரை, தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கு எழுத்தறிவு எதற்குப் பயன்பட வேண்டும் என்பதே இங்கே கேள்வி. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும்வரை இவ்வூர்கள் நெல்லையோடு இருந்தன. ஆகவே எழுத்தறிவு இயக்கமான அறிவொளியின் காலத்தைப் பேசினால் நெல்லையைத்தான் பேசியாக வேண்டும்.

2. அறிவொளி

1978 அக்டோபர் 2இல் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 1988இல் வந்த தேசிய எழுத்தறிவு இயக்கம் தொண்டர்களை நம்பியது. 1990இல் முழு எழுத்தறிவு பெற்ற கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் வழிகாட்டியது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கமும் மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து அறிவொளியை நடத்தின. புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் சைக்கிள் கற்றது ஊரறிந்த கதை. நெல்லையில் முன்னின்றவர்களுள் ஒருவர் எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன், அவரது ‘இருளும் ஒளியும்’ அந்த அனுபவத்தைச் சொல்லும் நூல். அரசு அறிக்கைகளைவிட அதற்கே நான் அதிக மதிப்புத் தருவேன்.

3. அளவுகோலும் சுளகும்

தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் அளவுகோல் இதுவாக இருந்தது: நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், 7 சொல் பார்த்தெழுத வேண்டும், 5 சொல் கேட்டெழுத வேண்டும். எண்களில் 1 முதல் 100 வரை எழுதப் படிக்கத் தெரிய வேண்டும்.

பீடிக்காரப் பெண்ணின் கணக்கோ ஆயிரத்தில் தொடங்குகிறது. கட்டுக்கு 25, ஆயிரத்துக்கு 40 கட்டு. ஊறவைத்த இலையைத் தகட்டளவுக்கு வெட்டி, மடியில் சுளகை வைத்துத் தூளிட்டுச் சுருட்டி, நூல் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனால், தேறாததைக் கழித்து மீதியைப் பாஸ் புத்தகத்தில் பதிவார்கள். கழித்தது எவ்வளவு, கொடுத்த இலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதற்கெல்லாம் எழுத்துச் சாட்சி அந்தப் பக்கம்தான். மனக்கணக்கில் அவளை ஏய்ப்பது கடினம். எழுத்துக் கணக்கில் எளிது.

கைநாட்டுப் போய்க் கையெழுத்து வந்தது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் படிக்க முடியாத பக்கத்தின் கீழே போடும் கையெழுத்து கைநாட்டைவிட ஆபத்தானது. விவரம் தெரிந்தே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும் 1976ஆம் ஆண்டின் நலநிதிச் சட்டமும் தந்த உரிமைகளைக் கேட்டு வாங்கவும் காகிதம்தான் வேண்டும்.

4. ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு பாடங்கள்

கினி பிசாவ்வில் பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரேயே துணைநின்றும் எழுத்தறிவுப் பணி தடுமாறியது. மக்கள் பேசியது கிரியோலும் பிற மொழிகளும், பாடம் போர்த்துக்கீசியத்தில். அந்தச் சிக்கல் நமக்கு இல்லை. தான்சானியா வேறு விதம். அதிபர் ஜூலியஸ் நைரேரே 1970ஐ வயது வந்தோர் கல்வி ஆண்டாக அறிவித்தார், பாடமொழி சுவாகிலி. விக்டோரியா ஏரிக்கரை முவான்சாப் பகுதியில் பருத்தி விளைவிப்போருக்கும் மீன்பிடிப்போருக்கும் அவரவர் தொழிலை ஒட்டியே பாடநூல் வந்தது. நாம் கடன் வாங்க வேண்டியது இதைத்தான்.

5. பரிந்துரை

2011 கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களின் எழுத்தறிவு 73.44 சதவீதம், ஆண்களுடையது 86.77. அந்த இடைவெளி குறைய, புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் (2022–27) தென்காசி வகுப்புகளில் பாஸ் புத்தகப் பக்கமும் வருங்கால வைப்பு நிதிச் சீட்டும் நலநிதி விண்ணப்பமும் பாடமாக வேண்டும். கடைக்குப் பீடி கொண்டுபோகும் நேரத்தில் வகுப்பு வைக்கக் கூடாது. தேர்வில் ஒரே கேள்வி போதும்: இந்த வாரக் கூலி சரியா?