ஜிப் கோப்பும் ஒரு வழக்கும்

எந்த ஜிப் கோப்பையும் நோட்பேடில் திறந்து பாருங்கள். திரை முழுக்கக் குப்பையாகத் தெரியும். ஆனால் முதல் இரண்டு எழுத்துகளைப் படிக்க முடியும்: பி, கே. அது ஒரு மனிதரின் பெயர், பில் காட்ஸ்!

1980களில் அமெரிக்காவில் கோப்புகளை டெலிபோன் லைனில் மோடம் வைத்துத்தான் இறக்கினார்கள். வேகம் வினாடிக்கு 2400 பிட். 360 கேபி பிளாப்பி ஒன்றில் உள்ளதை இறக்கவே சுமார் 25 நிமிடம் ஆகும். கோப்பைப் பாதியாகச் சுருக்கினால் போன் பில்லும் பாதி.

இதற்காக எஸ்.இ.ஏ. என்ற சிறு நிறுவனம் 1985ல் 'ஆர்க்' மென்பொருளை வெளியிட்டது. சோர்ஸ் கோடையும் கொடுத்தது. காட்ஸ் அதைவிட வேகமாக ஓடும் 'பிகே-ஆர்க்' எழுதி விற்றார். 1988ல் எஸ்.இ.ஏ. வழக்குப் போட்டது. இரண்டையும் ஒப்பிட்ட நிபுணர், மூலத்தில் இருந்த எழுத்துப் பிழைகள்கூட அப்படியே இருப்பதாகச் சொன்னார். காட்ஸ் பணம் கட்டி சமரசத்துக்கு வந்தார்.

சட்டப்படி எஸ்.இ.ஏ. பக்கம்தான் நியாயம். ஆனால் பயனாளர்கள் காட்ஸ் பக்கம் நின்றார்கள். பெரிய கம்பெனி ஒரு தனி மனிதரை நசுக்குகிறது என்று நினைத்தார்கள். உண்மையில் எஸ்.இ.ஏ.வும் சின்னக் கடைதான். 1989ல் காட்ஸ் 'ஜிப்' என்ற புது வடிவத்தைக் கொண்டுவந்து, அதை யாரும் பயன்படுத்தலாம் என்று விவரங்களை வெளியிட்டார். கூட்டம் அங்கே போய்விட்டது. ஆர்க் மறைந்தது.

1993ல் வந்த பதிப்பில் 'டிஃப்ளேட்' முறை சேர்ந்தது. இதில் இரண்டு பழைய யோசனைகள் உண்டு. ஒன்று லெம்பெல், சிவ் இருவரும் 1977ல் சொன்னது: ஏற்கனவே வந்த சொல் திரும்ப வந்தால் மறுபடி எழுதாதே, முன்பு வந்த இடத்தைக் காட்டு. இன்னொன்று ஹஃப்மன் 1952ல் வெளியிட்டது: அடிக்கடி வரும் எழுத்துக்குச் சின்னக் குறியீடு. பரீட்சைக்குப் பதிலாக எழுதிய கட்டுரைக்காக, மாணவராக இருந்தபோது ஹஃப்மன் கண்டுபிடித்தது அது!

இதனால்தான் ஜேபெக் படங்களை ஜிப் செய்தால் அளவு குறைவதில்லை. அவை ஏற்கனவே சுருக்கப்பட்டவை, திரும்ப வருவது எதுவும் மிச்சமில்லை.

காட்ஸ் 2000 ஏப்ரலில், 37 வயதில், மில்வாக்கி நகர விடுதி அறை ஒன்றில் குடிப்பழக்கத்தால் இறந்தார். 2007ல் வந்த எம்.எஸ். ஆபீஸ் முதல் வேர்ட், எக்செல் கோப்புகளும் உள்ளே ஜிப்தான். கடைசி எழுத்துகளை 'ஜிப்' என்று மாற்றினால் திறந்துவிடும். காமர்ஸ் மாணவர்கள் சமர்ப்பிக்கும் எக்செல் கணக்கும் அந்த இரண்டு எழுத்தில்தான் தொடங்குகிறது.