‘ஓரம் போ!’: திருச்சியில் சைக்கிள் ஒதுங்கிய கதை

ஒரு காலத்தில் சட்டம் பயந்தது சைக்கிளைப் பார்த்துத்தான். 1888இல் இங்கிலாந்தில் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின் 85ஆம் பிரிவை இன்று படித்தால் சிரிப்பு வரும். சைக்கிளில் போகிறவர் ஒரு வண்டியையோ குதிரையையோ நடந்து போகிறவரையோ முந்துவதற்கு முன், போதிய தூரத்திலிருந்தே மணி அடித்தோ விசில் ஊதியோ எச்சரிக்க வேண்டும் என்கிறது அது. பொழுது சாய்ந்தால் விளக்கும் எரிய வேண்டும். சத்தமில்லாமல் பின்னால் வந்து உரசிக்கொண்டு போகும் வம்புக்காரன் என்று அன்றைக்குப் பெயர் வாங்கியவன் சைக்கிள்காரன். கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்று அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

திருச்சிராப்பள்ளித் தெருக்களுக்கு சைக்கிள் வந்த புதிதிலும் அதன் இடம் அப்படித்தான். மாட்டுவண்டி, ஜட்கா, தலைச்சுமை, நடை ஆகியவற்றுக்கு நடுவே அது வேகமான வண்டி; பணக்கார வண்டியும்கூட. ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. என்று கப்பலில் வந்த சரக்கு. 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அது குமாஸ்தாக்களுக்கும் தொழிலாளிகளுக்கும் கை எட்டும் பொருளாகியது.

திருச்சியில் தொழிலாளிகளுக்குப் பஞ்சமில்லை. தென்னிந்திய ரயில்வே தன் பட்டறையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு 1928இல் கொண்டுவந்திருந்தது. 1960களின் நடுவில் திருவெறும்பூர்ப் பக்கம் பெல் தொழிற்சாலையும், அடுத்துப் படைக்கலத் தொழிற்சாலையும் எழுந்தன. ஷிப்ட் விட்டதும் வாசலிலிருந்து புறப்படும் சைக்கிள் கூட்டத்தை அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள். சாலையின் முழு அகலத்தையும் அது எடுத்துக்கொள்ளும். எதிரே வரும் பஸ் நின்றுதான் போக வேண்டும். பின்னால் வரும் லாரிக்கு முந்துகிற பேச்சே கிடையாது. யாரும் அவர்களுக்குத் தனிப் பாதை போடவில்லை. கூட்டமே அவர்களுக்குக் காவல். சைக்கிள் அதிகமாக ஓடும் ஊரில் ஒரு சைக்கிள்காரர் அடிபடும் வாய்ப்பு குறைகிறது என்று பீட்டர் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் கணக்குப் போட்டுக் காட்டினார். பொன்மலைக்காரர்களுக்கு இது ஆய்வில்லாமலே தெரிந்த சங்கதி.

சட்டத்தின் கண் மட்டும் மாறவில்லை. சாலையில் மோட்டார் வண்டி பெருகிய பிறகும் அது சைக்கிள்காரரையே முறைத்துக்கொண்டிருந்தது. நகராட்சிகள் சைக்கிளுக்கும் வரி வாங்கி, கட்டியதற்கு அடையாளமாகச் சின்ன உலோக வில்லை ஒன்றைத் தந்தன. வில்லை இல்லையா, பிடி. ராத்திரியில் விளக்கு எரியவில்லையா, பிடி. கேரியரில் ஒருவரை ஏற்றிக்கொண்டு டபுள்ஸ் போனால் இறக்கிவிட்டு டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவது போலீஸ்காரர் கையிலிருந்த உடனடித் தண்டனை. விளக்கும் வில்லையும் தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உரசுகிற அளவுக்கு நெருங்கி முந்திய பஸ்ஸின் டயரில் காற்று பிடுங்கப்பட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

இங்கே ஸ்ரீரங்கத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் திரும்புதல் என்ற காரியத்தை அந்த ஊர் பல நூற்றாண்டுகளாக யோசித்திருக்கிறது. கோயிலைச் சுற்றி ஏழு திருச்சுற்றுகள்; வெளிச் சுற்றுகளில் மக்கள் குடியிருக்கும் வீதிகள். சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில், தைத் தேர் உத்திர வீதியில். வீதி மூலைகளில் தேர் நேராகப் போய்த் திரும்பிவிடாது. மூலைக்கு வந்ததும் நிற்கும். வடம் பிடித்தவர்கள் திசை மாறி நிற்பார்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் குனிந்து, பார்த்து, கட்டையைச் செருகி, அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆள் நிற்கிறாரா என்று பார்க்காமல் ஒரு சுற்றும் நகராது. ஊரிலேயே பெரிய வண்டி, திரும்பும்போது ஊரிலேயே மெதுவான வண்டி.

அதே வீதிகளுக்கு வந்து சேரும் பஸ் செய்வது நேர்மாறு.

சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகிற வழி எல்லாருக்கும் பழக்கம்: சிந்தாமணி, காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, அங்கே இடப்பக்கம் ஒடித்து அம்மா மண்டபம் சாலை, பிறகு ராஜகோபுரம். இப்போதைய காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது. நீளம் அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். பாலத்தில் சைக்கிளுக்கு ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் நடைமேடையின் விளிம்பு, மறுபக்கம் வண்டிகள். மாலையில் காற்று வாங்க வருகிறவர்கள் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டால் அந்த ஓரமும் போய்விடும். பாலம் முடிந்து மாம்பழச்சாலை நெருங்கும்போது, பின்னால் வரும் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ சைக்கிளை வலப்பக்கமாக முந்தி, முந்திய மறுகணமே இடப்பக்கம் மடக்கும். நேரே திருவானைக்காவல் போக நினைத்த சைக்கிள்காரருக்கு முன்னால் திடீரென்று தகரச் சுவர்.

டிரைவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் இல்லை. சைக்கிளைத் தாண்டியாகிவிட்டது என்று அவர்கள் நம்புவதுதான் கோளாறு. இந்தியாவில் ஸ்டியரிங் வலப்பக்கம். இடப்பக்கத்து ஓரம் டிரைவருக்குத் தூரம். நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்திலேயே போகாது. உள்வாங்கி, மூலையை வெட்டிக்கொண்டு வரும். பஸ்ஸின் மூக்கிலிருந்து தப்பித்தவரை அதன் பின்சக்கரம் பிடித்துக்கொள்வது இதனால்தான். முந்துகிற நேரத்தில் டிரைவர் போடும் கணக்கும் தப்பு. சைக்கிளை நிற்கிற பொருளாக அவர் நினைக்கிறார். சரிவில் இறங்கும் சைக்கிள் மணிக்கு இருபது கிலோமீட்டருக்குக் குறையாமல் வந்துகொண்டிருக்கும். பஸ் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்ததும் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன.

பழைய பஸ்களிலும் லாரிகளிலும் இந்த இடப்பக்கத்துக்கென்றே ஒரு ஆள் இருந்தார். லாரியில் கிளீனர், பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கும் கண்டக்டர். கையை வெளியே நீட்டி, பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டி, ‘ஓரம் போ, ஓரம் போ’ என்று கத்துவார். இடம் கிடைத்ததும் ‘ரைட் ரைட்’. அது மரியாதையான முறை என்று சொல்ல முடியாது. ஆனாலும் இடப்பக்கம் பார்க்க ஒரு ஜோடிக் கண்ணாவது இருந்தது. ஷேர் ஆட்டோவிலும் காரிலும் அந்த ஆள் கிடையாது. கண்ணாடி உண்டு, பார்ப்பதும் பார்க்காததும் டிரைவர் இஷ்டம். திருச்சியில் அரசு பஸ்களோடு தனியார் டவுன் பஸ்களும் ஓடுவதால் இன்னொரு நெருக்கடி. அடுத்த ஸ்டாப்பில் நிற்கும் ஆட்களை முன்னால் போகிற பஸ் அள்ளிக்கொண்டுவிடும் என்ற பதைப்பில், சைக்கிளுக்குப் பின்னால் பத்து நொடி காத்திருப்பது நஷ்டமாகத் தெரிகிறது. பஸ்ஸின் படிக்கட்டு இடப்பக்கம். ஆகவே ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சைக்கிளின் பாதையை வெட்டித்தான் அது ஓரம் கட்டியாக வேண்டும்.

சட்டப் புத்தகமும் இந்தச் சிக்கலுக்குத் துணை போயிருக்கிறது. 1989இன் சாலை விதிகள் எல்லா வண்டிகளையும் கூடியவரை இடப்பக்கமே போகச் சொல்லின. இடப்பக்கம் திரும்புகிறவரையும் சாலையின் இடது ஓரத்தை ஒட்டியே வரச் சொல்லின. மெதுவாகப் போகும் சைக்கிளும் அந்த ஓரத்தில்தான். ஆக, இரண்டு பேரையும் ஒரே சாண் தரைக்கு அனுப்பியது சட்டம். ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகுமானால் முந்தக் கூடாது என்றும் அதே விதிகளில் இருந்தது. 2017இல் அவற்றுக்குப் பதிலாக வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், நடப்பவர், சைக்கிளில் போகிறவர், குழந்தைகள், முதியவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரிடம் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதின. நல்ல வரிதான். எத்தனை அடி தள்ளிப் போனால் அது கவனம் என்பதை மட்டும் யாரும் அளந்து சொல்லவில்லை.

அளந்து சொன்ன நாடுகள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1973இலேயே மூன்று அடி என்று வைத்தது. பிரான்சில் ஊருக்குள் ஒரு மீட்டர், வெளியே ஒன்றரை. ஜெர்மனி 2020இல் ஊருக்குள் ஒன்றரை மீட்டரும் வெளியே இரண்டு மீட்டரும் என்று எழுதிக்கொண்டது. 1888இல் சைக்கிள்காரரை மணியடிக்கச் சொன்ன பிரிட்டன், 2022 ஜனவரியில் தன் நெடுஞ்சாலைக் கையேட்டைத் திருத்தி, நேராகப் போகும் சைக்கிளின் குறுக்கே வெட்டித் திரும்பக் கூடாது, அது தாண்டிப் போகும் வரை காத்திரு என்று காரோட்டிக்குச் சொன்னது. நூற்று முப்பத்து நாலு வருஷத்தில் எச்சரிக்கை எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது.

திருச்சியில் சைக்கிள் செத்துப்போன வண்டி என்று நினைத்தால் அது பிழை. மொபெட்டும் மோட்டார் பைக்கும் வந்து தொழிலாளிகளின் கூட்டத்தைக் கரைத்தது உண்மை. பிறகு வந்தவர்கள் வேறு ஆட்கள். 1974 வரை திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளாக இருந்த புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஏறி மிதித்தார்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய அரசின் விலையில்லா சைக்கிள், 2005-06இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவர்கள் எல்லாருக்கும் விரிந்தது. அந்தத் திட்டத்தைத் தொடங்கிய ஜெயலலிதாவே 2011இல் ஸ்ரீரங்கம் தொகுதியிலிருந்து சட்டமன்றம் போனார். இன்று காலை எட்டரை மணிக்கு அம்மா மண்டபம் சாலையில் மிதிப்பவர்களில் பாதிப் பேர் பதினாறு வயதுக்காரர்கள் என்றால் ஆச்சரியமில்லை. மீதிப் பேர் பால்காரர், காவலாளி, சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை கொண்டுபோகிறவர். கேரியரில் இருபுறமும் மூட்டை பிதுங்கும்போது சைக்கிளின் அகலமே வேறு. ஹேண்டில்பாரைப் பார்த்து இடைவெளி விடுகிற டிரைவர் மூட்டையை இடிப்பார்.

சைக்கிள் கொடுத்த அரசு சாலையைக் கொடுக்கவில்லை என்ற குறை நியாயமானது. பெல்லுக்கும் படைக்கலத் தொழிற்சாலைக்கும் போகிற தஞ்சாவூர் நெடுஞ்சாலையில், பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை 14.5 கிலோமீட்டருக்கு சர்வீஸ் ரோடு கேட்டு அந்தப் பகுதி மக்கள் வருஷக்கணக்கில் போராடியது ஊரறிந்தது. நாடு முழுவதும் 2022இல் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 4,800க்கும் மேற்பட்டவர்கள் சைக்கிளில் போனவர்கள். அந்த ஆண்டின் விபத்து வகைகளில் முதலிடம் பின்னாலிருந்து மோதியதற்கு.

இடைவெளி என்ன வித்தியாசம் செய்யும் என்பதை ஊர் தற்செயலாக இரண்டு முறை பார்த்திருக்கிறது. 1928இல் கட்டிய கொள்ளிடம் இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2016இல் புதுப் பாலம் திறந்ததும், பஸ்ஸும் லாரியும் அதற்குப் போய்விட்டன. பழைய பாலம் நடப்பவர்களுக்கும் சிறு வண்டிகளுக்கும் கிடைத்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரியும் வரை அந்தச் சுகம் நீடித்தது. 2022இல் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்த்தபோது முதல் கட்டத்தில் இருசக்கர வண்டிகளை மட்டுமே விட்டார்கள். பிறகு அதுவும் நின்று, 2023 மார்ச்சில் பாலம் எல்லாருக்கும் திறந்தது; பழைய நெரிசலும் திரும்பியது.

சாலையில் தனி இடம் கிடைக்கும் வரைக்கும் சைக்கிளில் போகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. நடைமேடை விளிம்பை ஒட்டியே மிதிக்காமல் மூன்றடி உள்ளே தள்ளிப் போனால், இடுக்கில் நுழைந்து முந்தும் ஆசை பின்னால் வருகிறவருக்குக் குறையும். மாம்பழச்சாலை மாதிரித் திருப்பத்துக்கு முன் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பதும், நேரே போகிறவர் கையைக் காட்டுவதும் பழைய பள்ளிக்கூடப் பாடம்தான், இன்றும் செல்லும். நிற்கிற பஸ்ஸின் இடப்பக்கத்து இடுக்கில் மட்டும் ஒருபோதும் நுழையக் கூடாது.

ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் சாமர்த்தியத்தை நம்பி ஒரு நகரம் சாலை நடத்த முடியாது. முந்தும்போது சைக்கிளுக்கு ஒன்றரை மீட்டர் என்று தமிழ்நாடு அரசு எழுதி, டிரைவிங் பள்ளியிலும் பஸ் டெப்போவிலும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். காவிரிப் பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாலத்துக்கான வேலை தொடங்கிவிட்டது. இரண்டு பாலம் இருக்கப்போகிற ஊரில், ஒன்றின் இடது ஓரத்தையாவது மாம்பழச்சாலைத் திருப்பம் தாண்டும் வரை சைக்கிளுக்கென்று தடுப்பு வைத்துப் பிரித்துக் கொடுங்கள் என்று நெடுஞ்சாலைத் துறையையும் மாநகராட்சியையும் கேட்க வேண்டிய நேரம் இது.