நூலகம் நாடி வந்தோர்

சென்னை எழும்பூரில் கன்னிமாரா பொது நூலகம் 1896 டிசம்பர் 5ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதன் வித்து அதற்கும் முந்தையது. ஆட்சிப் பணியாளரைப் பயிற்றுவித்த இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரியில் மிகுதியாய்க் கிடந்த நூல்கள் 1861இல் சென்னைக்கு வந்து, அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. ஆங்கிலம் கற்ற சிலரே அவற்றை நாடியிருத்தல் கூடும். 'பொது' என்னும் சொல் பெயரில் முந்தி வந்தது. பொருளில் பிந்தியே வந்தது எனலாம்.

அப்பொருளைக் கூட்டியவருள் தலையாயவர் சீர்காழி தந்த எஸ்.ஆர். அரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய அவர், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். அவ்வாண்டு அக்டோபரில்தான் மன்னார்குடிப் பகுதியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. நூலகம் நாடி வர இயலாதாரை நூலகமே நாடிச் சென்ற காலம் அது.

ஊர்தோறும் எழுந்த வாசகசாலைகளுக்கும், பின்னர்த் திராவிட இயக்கத்தார் கண்ட படிப்பகங்களுக்கும் மக்களை ஈர்த்தது நாளிதழே. ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். போர்ச் செய்தியும் அரசியற் செய்தியும் அவ்வாறே சிற்றூர்களை எட்டின. ஆயினும் அவை ஆடவர் கூடும் இடங்களாகவே பெரிதும் இருந்தன. பெண்டிர்க்கு நூல்கள் தமையன் கைவழியோ கணவன் கைவழியோதான் வந்தன. வருகைப் பதிவேட்டில் இடம்பெறாத அவ்வாசகரை நூலக வரலாறு எழுதுவோர் மறத்தல் தகாது.

அவினாசிலிங்கம் செட்டியார் கல்வியமைச்சராய் இருந்தபோது, 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியோடு நூலக வரியும் தண்டப்பெற்றது. கிளை நூலகங்கள் பெருகின. நாவலும் தொடர்கதையும் தேடி வந்தோர் பலராயினர். 1975இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர், மாலைப்பொழுதுக்கு வேறொரு துணை கிட்டியது.

இன்றோ போட்டித் தேர்வு எழுதுவோரே பல நூலகங்களின் இருக்கைகளை நிரப்புகின்றனர். 2010இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்த நூல்களைக் கொணர்ந்து படிப்போர்க்கெனத் தனிப் பிரிவே உண்டு. நூலகத்து நூலைத் தொடாதார் வாசகராவரோ என்று குறைகூறுவோர் உளர். அக்கூற்று பொருந்துவதன்று. நாளிதழ் வாங்கப் பொருளற்றவர் அன்று நாளிதழுக்காக வந்தார். ஓரறை வீட்டில் ஒதுங்கிப் படிக்க இடமற்றவர் இன்று மேசைக்காகவும் விளக்குக்காகவும் அமைதிக்காகவும் வருகிறார். இருவரையும் கூட்டி வந்தது இல்லாமையே. அன்று படிப்பகத்தில் இடம் பெறாத பெண்டிரின் பேர்த்தியரும் இவருள் உளர்.

2011 நவம்பரில் இந்நூலகத்தை இடம் மாற்றி, கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அரசு முடிவு செய்தது. எதிர்ப்பு எழுந்தது; உயர் நீதிமன்றம் தடை விதித்தது; நூலகம் நின்றது. 2023 ஜூலையில் மதுரையில் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் போட்டித் தேர்வினர்க்குத் தனிப் பிரிவு அமைந்துள்ளது.