ராத்திரிச் சோறும் கரிசக்காட்டு இழுப்பும்

ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டா இழுப்பு வரும்னு உங்க பாட்டியும் சொல்லியிருப்பாங்க. இது நம்ம ஊர்ப் பேச்சு மட்டும் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவர் மைமோனிடஸ், இழுப்பு நோயாளி ஒருவருக்காக அரபியில் ஒரு நூலே எழுதினார். அதில் பல அத்தியாயங்கள் சாப்பாட்டைப் பற்றித்தான். சித்த மருத்துவம் இரைப்பு நோயை ஐயத்தோடு சேர்த்துப் பார்த்து, பத்தியம் சொல்கிறது. வில்லியம் ஆஸ்லரின் 1912-ஆம் ஆண்டுப் பாடப்புத்தகத்திலும் இது இருக்கு: ராத்திரி இழுப்புக்குப் பயந்த நோயாளிகள், பெரிய சாப்பாட்டை மதியமே முடிச்சுக்கிறாங்களாம்.

காரணம் ரெண்டு. வயித்து அமிலம் மேலேறி, துளித்துளியா மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கலாம். இல்லைன்னா உணவுக்குழாயோட அடியிலேயே நின்னு, அங்க இருக்கிற நரம்பைத் தூண்டிவிட்டு, மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கலாம்.

சரி, ஆஸ்லரோட யோசனையைக் கோவில்பட்டிக்குக் கொண்டு வருவோம். கரிசக்காட்டு வேலைக்காரங்களுக்கு ஒரு காலத்துல பகல்ல கம்மங்கூழோ சோளக்கஞ்சியோதான். காட்டுல இருந்து திரும்பின பிறகுதான் அடுப்பு எரியும், சுடுசோறு கிடைக்கும். மதியம் பெருஞ்சாப்பாடுங்கிறது வசதி இருக்கிறவங்களுக்கான வைத்தியம்!

இன்னொரு சிக்கலும் உண்டு. இது பருத்தி பூமி. 19-ஆம் நூற்றாண்டு முடியும் முன்பே இங்கே பஞ்சாலை வந்துவிட்டது. 1901-இல் அரசு விவசாய ஆராய்ச்சிப் பண்ணையும் வந்தது. பஞ்சுத்தூசியை வருஷக்கணக்கா சுவாசிச்சா வர்ற நோய்க்குப் பிசினோசிஸ்னு பேர். அதுலயும் நெஞ்சு இறுக்கும், மூச்சு திணறும். ஆனா அதுக்கு ஒரு கிழமைக்கணக்கு இருக்கு. வார லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்புற முதல் நாள்தான் ஆரம்பத்துல ரொம்பப் படுத்தும். சாப்பிட்டுப் படுத்ததும் வர்ற தொந்தரவுக்கு அந்தக் கணக்கு கிடையாது.

டாக்டர்கிட்ட போறப்ப இந்த வித்தியாசத்தைச் சொல்றது முக்கியம். ஏன்னா எல்லா இழுப்பையும் வயித்து மேல போட்டுட முடியாது. அமெரிக்காவில் 412 ஆஸ்துமா நோயாளிகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2009-இல் வெளியானது. நெஞ்செரிச்சல் தொந்தரவு பெரிதாக இல்லாதவர்கள் அவர்கள். பாதிப் பேருக்கு 24 வாரம் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஆஸ்துமாவில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதனால கேஸ் மாத்திரையை நம்பி இன்ஹேலரை நிறுத்துறது ஆபத்து.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாகப் பிசினோசிஸும் இடம் பிடித்தது. ஆலைத் தொழிலாளிக்கு அது இருப்பதைப் பார்க்கும் டாக்டர், தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. சீட்டுல "அஜீரணம்"னு எழுதிட்டா, அந்தக் கடிதம் போகாது.