செப்புத் திருமேனிகளும் மின்னழுத்தக் கணக்கும்: எழும்பூர் ஆய்வகத்தின் வரலாறு

சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டு வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் ஒன்று தொடங்கப்பட்டது. அரிப்புக்கு ஆளான செப்புத் திருமேனிகளை மின்னாற்பகுப்பு முறையில் மீட்பது அதன் முதன்மைப் பணியாக இருந்தது. இன்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் தேர்வுக்காகப் போடும் திட்ட ஒடுக்க மின்னழுத்தக் கணக்கைக் கொண்டே அந்தப் பணியை விளக்கிவிடலாம். அந்தக் கணக்கின் எல்லை எது என்பதையும் இந்த வரலாறு காட்டுகிறது.

அருங்காட்சியகமும் திருமேனிகளும்

அருங்காட்சியகம் 1851இல் எட்வர்டு பால்ஃபர் பொறுப்பில் நுங்கம்பாக்கத்தில் தொடங்கப்பட்டது. 1854இல் எழும்பூருக்கு இடம் மாறியது. படையெடுப்புக் காலங்களில் பாதுகாப்புக்காகப் புதைக்கப்பட்ட திருமேனிகள், உழவின்போதும் கட்டடத்துக்குக் குழி தோண்டும்போதும் வெளிப்படுவது தமிழகத்தில் அடிக்கடி நடப்பது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின் வழியாக அவற்றுள் பல இங்கு வந்து சேர்ந்தன. 1920 முதல் 1940 வரை கண்காணிப்பாளராக இருந்த எஃப். எச். கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் சேர்ந்து 1932இல் இந்தத் திருமேனிகளுக்கு விரிவான அட்டவணை நூல் வெளியிட்டனர். அட்டவணையிடும் வேலையைவிட அவசரமான வேலை ஒன்றும் இருந்தது. மண்ணில் பல நூற்றாண்டுகள் தாங்கிய சிலைகள் சில, வெளியே வந்த பின்னர் உதிரத் தொடங்கியிருந்தன.

களிம்பும் வெண்கல நோயும்

செம்பில் களிம்பு ஏறுவது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது. சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்கு இதையே உவமையாகச் சொல்கிறது. ஆனால் எல்லாக் களிம்பும் ஒன்றல்ல. ஆக்சைடும் கார்பனேட்டும் சேர்ந்த உறுதியான படலம் உலோகத்தை மூடிக் காக்கிறது. குளோரைடு கலந்த களிம்பு அப்படிக் காப்பதில்லை. மண்ணிலிருந்தோ கடற்காற்றிலிருந்தோ உப்பு நுழைந்தால் உலோகத்தை ஒட்டிக் குப்ரஸ் குளோரைடு உருவாகிறது. சிலை தோண்டி எடுக்கப்பட்டு ஈரக்காற்றுப் படும்போது, அது வெளிர் பச்சைத் தூளாக மாறி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியிடுகிறது. அமிலம் மேலும் செம்பைத் தின்கிறது. மீண்டும் குளோரைடு உருவாகிறது. இந்தச் சுழற்சிக்கு 'வெண்கல நோய்' என்று பெயர்.

அட்டவணை பிறந்த விதம்

இரு உலோகங்களுக்கு இடையே மின்னழுத்தம் தோன்றுவதை வோல்ட்டா 1800இல் தம் மின்கல அடுக்கின் மூலம் காட்டினார். 1836இல் டேனியல் துத்தநாகமும் செம்பும் கொண்ட நிலையான மின்கலத்தை அமைத்தார். செறிவுக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை நெர்ன்ஸ்ட் 1889இல் சமன்பாடாக்கினார். ஹைட்ரஜன் மின்வாயைச் சுழி என வைத்து மற்றவற்றை அளந்து பட்டியலிட்டபோது கிடைத்ததே திட்ட மின்னழுத்த அட்டவணை.

குறியீட்டில் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. லாட்டிமர் 1938இல் எழுதிய புகழ்பெற்ற நூல் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தங்களைத் தந்ததால், அதில் துத்தநாகத்தின் மதிப்பு +0.76 வோல்ட். இன்றைய ஒடுக்க அட்டவணையில் அதுவே −0.76. ஸ்டாக்ஹோமில் 1953இல் கூடிய பன்னாட்டு வேதியியல் ஒன்றியம், ஒடுக்க மின்னழுத்தத்தையே பொது வழக்காக ஏற்றது. பழைய நூல்களைப் படிப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கணக்கு

விதி எளிது. ஒடுக்கம் நிகழும் மின்வாயான கேத்தோடின் மதிப்பிலிருந்து, ஆக்சிஜனேற்றம் நிகழும் மின்வாயான ஆனோடின் மதிப்பைக் கழிக்க வேண்டும். விடை நேர்க்குறியானால் வினை தானே நிகழும். எதிர்க்குறியானால் வெளியிலிருந்து மின்சாரம் தர வேண்டும். எலக்ட்ரான்களைச் சமப்படுத்தச் சமன்பாட்டை இரண்டால் பெருக்கினாலும் மின்னழுத்தத்தைப் பெருக்கக் கூடாது. டேனியல் மின்கலத்துக்கு 0.34 − (−0.76) = 1.10 வோல்ட்.

இதே விதி வெண்கல நோயையும் விளக்குகிறது. நடுநிலை நீரில் ஆக்சிஜன் ஒடுங்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.82 வோல்ட். செம்பு அயனியாக மாறும் வழியில் 0.82 − 0.34 = 0.48 வோல்ட் கிடைக்கிறது. குளோரைடு இருந்தால் செம்பு குப்ரஸ் குளோரைடாக மாறுகிறது. அதன் ஒடுக்க மின்னழுத்தம் 0.14 மட்டுமே. ஆகவே 0.82 − 0.14 = 0.68 வோல்ட். உப்பு சேர்ந்தவுடன் அரிப்புக்கான உந்துதல் 0.20 வோல்ட் கூடிவிடுகிறது. இவை திட்ட நிலை மதிப்புகள். உண்மையான செறிவுக்கு நெர்ன்ஸ்ட் சமன்பாட்டால் திருத்த வேண்டும்.

அரிப்பைத் திருப்ப இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, சிலையைத் துத்தநாகத் துணுக்குகளோடு காஸ்டிக் சோடாக் கரைசலில் வைப்பது. காரக் கரைசலில் துத்தநாகத்தின் மதிப்பு −1.20, குப்ரஸ் ஆக்சைடு செம்பாக ஒடுங்கும் மதிப்பு −0.36. விடை 0.84 வோல்ட், நேர்க்குறி. துத்தநாகம் கரைய, களிம்பு செம்பாகிறது.

இரண்டாவது வழி மின்னாற்பகுப்பு. சிலை கேத்தோடு, இரும்புத் தகடு ஆனோடு. ஆனோடில் ஆக்சிஜன் வெளிவரும் மதிப்பு +0.40. ஆகவே −0.36 − 0.40 = −0.76. குறைந்தது 0.76 வோல்ட் தர வேண்டும். சிலையின் மேல் ஹைட்ரஜன் குமிழ்கள் எழுவதற்கான கணக்கு −0.83 − 0.40 = −1.23. நடைமுறையில் தேவைப்படும் மின்னழுத்தம் இவற்றைவிடக் கூடுதல். மின்னோட்டத்தைக் கூட்டினால் குமிழ்கள் பெருகி, நலிந்த மேற்பரப்பைப் பெயர்த்துவிடும். பாதுகாப்பாளர் பொறுமையாக இருக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

எழும்பூரில் நடந்தது

அமெரிக்காவில் கோலின் ஃபிங்க், சார்லஸ் எல்ட்ரிட்ஜ் இருவரும் பழைய வெண்கலங்களை மின்னாற்பகுப்பால் மீட்பது குறித்து 1925இல் நூல் வெளியிட்டிருந்தனர். எழும்பூரில் இப்பணியை மேற்கொண்டவர் வேதியியலாளர் எஸ். பரமசிவன். தஞ்சைப் பெரிய கோயில், சித்தன்னவாசல் ஓவியங்களின் வண்ணங்களையும் சாந்தையும் ஆராய்ந்தவராகவும் இவர் அறியப்படுகிறார்.

பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதோடு ஒப்பிட்டால் இம்முறையின் சிறப்பு விளங்கும். புளி களிம்பைக் கரைத்து, அதனுள் இருந்த உலோகத்தையும் கழுவிவிடுகிறது. மின்னாற்பகுப்பில் களிம்பிலுள்ள செம்பு உலோகமாகவே திரும்புகிறது. குளோரைடு கரைசலுக்குள் போய்விடுகிறது. பின்னர் வாலை வடிநீரில் பலமுறை ஊறவைத்து, அந்த நீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்ப்பார்கள். வெண்கலங்கல் தோன்றுவது நிற்கும் வரை கழுவுதல் தொடரும்.

கணக்கு சொல்லாதது

திரும்பி வந்த செம்பு, சிற்பி வார்த்த செம்பு அல்ல. அது பெரும்பாலும் இளகிய தூளாகவே படிகிறது. அரிப்பு ஆழமாக இருந்த இடங்களில் நகை வேலைப்பாடும் கண்ணிமைக் கோடும் உலோகத்தில் இல்லாமல் களிம்புப் படலத்திலேயே தங்கியிருக்கலாம். அதை ஒடுக்கினால் கோடும் போய்விடும். மின்னழுத்தக் கணக்கு ஒரு வினை நிகழுமா என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு விரைவில் என்றோ, நிகழ்த்தலாமா என்றோ சொல்லாது.

இக்காரணங்களால் உலகெங்கும் பாதுகாப்பு முறை மாறியது. 1967இல் மேட்சன் என்ற டேனிஷ் பாதுகாப்பாளர், செம்பின் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாக்கும் பென்சோட்ரையசோலைப் பரிந்துரைத்தார். இன்று களிம்பை முழுதும் நீக்குவதைவிட நிலைப்படுத்துவதே முதல் தேர்வு. காட்சிப் பேழையின் ஈரப்பதத்தைக் குறைப்பதும் அதில் அடங்கும். ஒப்பு ஈரப்பதம் சுமார் 45 சதவீதத்துக்குக் கீழிருந்தால் வெண்கல நோய் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மயிலாப்பூர், அடையாறு போன்ற கடலோரப் பகுதிகளைக் கொண்ட சென்னையில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம்.

ஆனாலும் 1930இல் எடுத்த முடிவைப் பிழை என்று சொல்லிவிட முடியாது. பென்சோட்ரையசோல் வழக்குக்கு வராத அந்தக் காலத்தில், கண்முன் உதிரும் சிலைக்குக் கையில் இருந்த மருந்துகளில் மின்னாற்பகுப்பும் ஒன்று. கோயிலிலும் வீட்டிலும் தேய்த்துத் துலக்குவதாகவே இருந்த உலோகப் பராமரிப்பை, அளந்து பார்த்துச் செய்யும் அறிவியலாக மாற்றியதில் எழும்பூர் ஆய்வகத்துக்குப் பங்கு உண்டு.