தொண்டரா, கூலிப்படையா? ‘வாலண்டியர்’ விமானியின் கதை

‘வாலண்டியராப் போய் மாட்டிக்கிட்டான்’ என்று பேச்சில் சொல்கிறோம். யாரும் கூப்பிடாமல், வற்புறுத்தாமல், தானாகப் போனவன் என்பது பொருள். லத்தீனில் ‘வொலுந்தாஸ்’ என்றால் மனவிருப்பம். அந்த வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக, 1600-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘வாலண்டியர்’ ஒரு படைச்சொல்லாகவே வந்தது. கட்டாயமின்றித் தானே முன்வந்து ஆயுதம் ஏந்தியவன் என்பதே அதன் முதற்பொருள். வெள்ள நிவாரணமும் ரத்த தானமும் பின்னால் சேர்ந்தவை. தமிழ் இதற்குத் ‘தொண்டர்’ என்ற பழஞ்சொல்லைக் கொடுத்தது. தொண்டு என்பதன் பழைய பொருள் அடிமைத்திறம். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் தொண்டர் என்போர் இறைவனுக்கு ஆட்பட்டவர்கள். விருப்பத்தைச் சுட்டும் சொல்லுக்கு ஆட்படுதலைச் சுட்டும் சொல் ஈடாக நின்றது. பிற்பாடு வந்த ‘தன்னார்வலர்’ அந்தக் குறையைச் சரிசெய்தது. இதற்கு எதிரே நிற்பது ‘கூலிப்படை’. இன்றைய செய்தித்தாளில் அது கொலைகாரர்களுக்குரிய வசை. ஆனால் திருக்குறளின் படைமாட்சிக்கு உரை எழுதும் பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என ஆறு வகை சொல்கிறார். மூலப்படையே அவற்றில் சிறந்தது என்றாலும், கூலிப்படையும் அரசனின் படைகளுள் ஒன்றுதான். அந்த ஆறில் தொண்டர் படை என்று ஒன்று இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் அயல்நாட்டுக்காகப் பறந்த போர்விமானிக்கு இவ்விரு பெயர்களில் எது கிடைத்தது என்பதை அவன் மனமும் தீர்மானிக்கவில்லை, அவன் வாங்கிய பணமும் தீர்மானிக்கவில்லை. அவனைப் போகவிட்ட அரசு சட்டத்தின் முன் எதைச் சொல்ல வேண்டியிருந்ததோ, அதுதான் தீர்மானித்தது.

சட்டம் 1907-இல் ஹேக் நகரில் எழுதப்பட்டது. நடுநிலை நாட்டின் மண்ணில், போரிடும் நாட்டுக்காகப் படை திரட்டக் கூடாது என்றது அந்த உடன்படிக்கை. ஆனால் தனித்தனியாக எல்லை கடந்துபோய் ஒரு தரப்பில் சேர்பவர்களுக்கு நடுநிலை அரசு பொறுப்பாகாது என்றும் அதே உடன்படிக்கை சொன்னது. ‘தனித்தனியாக’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் தன்னார்வ விமானி பிறந்தான். 1916 ஏப்ரலில் பிரான்சில் அமெரிக்க விமானிகளைக் கொண்டு ஒரு படைப்பிரிவு அமைந்தபோது இதன் பயன் தெரிந்தது. அயல்நாட்டுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் அமெரிக்கக் குடியுரிமை போய்விடும். பிரான்சின் அயல்நாட்டார் படையில் சேர அந்தப் பிரமாணம் தேவையில்லை. எனவே அவர்கள் அந்த வாசல் வழியாக நுழைந்தார்கள். பிரிவுக்கு முதலில் ‘எஸ்காத்ரில் அமெரிக்கேன்’, அதாவது அமெரிக்க விமானப் பிரிவு என்றே பெயர். நடுநிலை நாட்டின் பெயரில் போர்ப்படையா என்று ஜெர்மனி ஆட்சேபித்ததும், ஆண்டு முடிவதற்குள் அது ‘லஃபாயெத்’ பிரிவு ஆனது. விமானிகளும் மாறவில்லை, நியூபோர்ட் விமானங்களும் மாறவில்லை; பலகை மட்டும் மாறியது. 1916 ஜூனில் வெர்தன் அருகே விக்டர் சாப்மன் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தபோது, அமெரிக்கா போரில் இறங்க இன்னும் பத்து மாதம் இருந்தது.

லஃபாயெத் விமானிகளிடம் விருப்பம் உண்மையாகவே இருந்தது. இருபது ஆண்டு கழித்து ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் அதே சொல் முகமூடியாக மாறியது. 1936-இல் ஹிட்லர் அனுப்பிய விமானப்படையினர் சாதாரண உடையில், உல்லாசப் பயணிகள் என்ற பெயரில் ஹாம்பர்க்கில் கப்பலேறினார்கள். முசோலினி அனுப்பிய படைக்கு அதிகாரபூர்வப் பெயரே ‘தன்னார்வத் துருப்புகளின் படை’. எதிர்த்தரப்பில் குடியரசுக்காகப் பறந்த சோவியத் விமானிகளும் பணியில் இருந்த படைவீரர்களே. அவர்களோடு பறந்த அமெரிக்கர் ஃபிராங்க் டிங்கர் எட்டு எதிரி விமானங்களை வீழ்த்தியவர். அவர் ஒப்பந்தப்படி மாதம் 1,500 டாலர் சம்பளம், வீழ்த்தும் விமானத்துக்கு 1,000 டாலர். ‘பிரான்சிஸ்கோ கோமஸ் திரேஹோ’ என்ற பெயரில் ஸ்பானியக் கடவுச்சீட்டும் கொடுத்திருந்தார்கள். அரசு அனுப்பிய இத்தாலியருக்குப் பெயர் தன்னார்வலர். தானே வேலை தேடிப் போன டிங்கரைத்தான் பலர் கூலிப்படை என்றார்கள்.

ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவில் இந்தப் பெயர் விளையாட்டு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஓய்வுபெற்ற அமெரிக்க விமானப்படை அதிகாரி கிளேர் செனால்ட் 1941-இல் திரட்டிய குழுவின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது: ‘அமெரிக்கத் தன்னார்வலர் குழு’. பறக்கும் புலிகள் என்று உலகம் அறிந்தது இவர்களைத்தான். அவர்கள் கையெழுத்திட்ட தாள், படையில் சேரும் படிவம் அல்ல. ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் வேலை ஒப்பந்தம். விமானிக்கு மாதம் 600 டாலர், அணித்தலைவருக்கு 675, ஸ்குவாட்ரன் தலைவருக்கு 750. வீழ்த்தும் ஜப்பானிய விமானத்துக்கு 500 டாலர் என்பது தாளில் இல்லை. வாய்மொழியாகச் சொல்லப்பட்டது, சீன அரசு கொடுத்தது. கடவுச்சீட்டில் தொழில் என்ற இடத்தில் விவசாயி, பாதிரியார் என்றெல்லாம் எழுதியிருந்தது. ஆனால் ஆள்சேர்ப்பவர்கள் அமெரிக்கப் படைத்தளங்களுக்குள்ளேயே போய் ஆளெடுத்தார்கள். பணியிலிருந்து விலகிச் செல்ல அரசு அனுமதித்தது. பிரிட்டனுக்குப் போகவேண்டிய 100 பி-40 விமானங்கள் சீனாவுக்குத் திருப்பிவிடப்பட்டன. இங்குதான் விமானி காலாட்படைத் தொண்டனிலிருந்து வேறுபடுகிறான். துப்பாக்கியை வீட்டிலிருந்து எடுத்துப் போகலாம். போர்விமானத்தை அப்படி எடுத்துப் போக முடியாது. எரிபொருள், குண்டு, உதிரிபாகம், மெக்கானிக், ஓடுதளம் எல்லாம் ஓர் அரசின் கையிலிருந்துதான் வரவேண்டும். விமானி தனியே எல்லை கடக்கலாம். அவன் விமானம் தனியே கடக்காது.

அப்படியானால் இவர்களைக் கூலிப்படை என்றே சொல்லிவிடலாமே என்பது முதல் ஆட்சேபம். சம்பளம் வாங்கியதால் மட்டும் ஒருவன் கூலிப்படை ஆவதில்லை. 1977-இன் ஜெனீவா கூடுதல் நெறிமுறை கூலிப்படையினனுக்கு ஆறு நிபந்தனை விதிக்கிறது. ஆறும் ஒருங்கே பொருந்த வேண்டும். அதில் ஒன்று, அவன் தனக்கு லாபம் என்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்டிருக்க வேண்டும் என்பது; அதை யார் நிரூபிப்பது? செஞ்சோற்றுக்கடன் என்ற சொல்லைப் போற்றும் தமிழில், உண்ட சோறும் வீரமும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. இரண்டாவது ஆட்சேபம்: விமானியின் தொழிலே அப்படிப்பட்டதுதான், யாரையும் கட்டாயப்படுத்திப் பறக்கவைக்க முடியாது, ஆகவே எல்லா விமானிகளும் தன்னார்வலர்தான். பிரிட்டனில் இரண்டாம் உலகப்போரின்போது கட்டாய ராணுவச் சேவை இருந்தும், விமானத்தில் ஏறும் பணிக்கு முன்வந்தவர்களையே எடுத்தார்கள் என்பது உண்மை. கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராயும் முதல் உலகப்போரில் தானே முன்வந்து பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தவர்தான். 1918 ஜூலையில் பத்து வெற்றிகள் பெற்று, அம்மாதம் 22-ஆம் தேதி, 19 வயதில் வீழ்ந்தார். ஆனால் அவர் படைச்சீருடை அணிந்தார், படைச்சட்டத்துக்கு உட்பட்டார். யார் கணக்கில் பறக்கிறார் என்பதை யாரும் மறைக்கவில்லை. சேரும்போது விருப்பம் இருந்ததா என்ற கேள்வி மட்டும் அவரையும் பறக்கும் புலிகளையும் பிரித்துக் காட்டாது.

பிரித்துக் காட்டும் கேள்வி, விலக முடியுமா என்பது. 1942 ஏப்ரலில், ஆபத்து மிகுந்த தாழ்வான பறத்தல் பணிகளை எதிர்த்துப் பறக்கும் புலிகளில் பலர் விலகப்போவதாகக் கையெழுத்திட்டார்கள். ஒப்பந்த ஊழியனுக்கு அந்த உரிமை உண்டு. செனால்டோ, எதிரியின் முன்னால் விலகுவது படையை விட்டு ஓடுவது ஆகும் என்றார். பெயரில் தன்னார்வலர், தாளில் நிறுவன ஊழியர், சண்டையில் சிப்பாய்: மூன்றும் அன்று ஒரே ஆள்மேல் மோதின. அந்த ஜூலை 4-இல் குழு கலைக்கப்பட்டது. பிற்காலத்தில் சொல்லும் திருத்தப்பட்டது: 1991-இல் அமெரிக்க அரசே அவர்கள் செய்தது ராணுவப் பணிதான் என்று ஏற்று, முன்னாள் படைவீரர் தகுதி வழங்கியது. அதற்குள் 1950-இல் கொரியாவுக்குப் போன சீனப் படை ‘மக்கள் தன்னார்வலர் படை’ என்று பெயர் சூடியிருந்தது. அமெரிக்காவுடன் நேரடிப் போர் என்று ஆகிவிடாதிருக்கவே அந்தப் பெயர்.

ஆகவே ‘தன்னார்வ விமானிகள்’ என்று இனி எந்தப் போர்ச்செய்தியில் படித்தாலும் அவர்கள் துணிச்சலைச் சந்தேகிக்க வேண்டாம். அந்தச் சொல்லைச் சந்தேகியுங்கள். விமானம் யாருடையது, பெயரை யார் வைத்தது, நாளை அவன் ஊர் திரும்ப நினைத்தால் திரும்ப முடியுமா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ‘முடியாது’ என்பது விடையானால், அவன் ஓர் அரசின் சிப்பாய். வேறு பெயர் எதுவும் அவனுக்குப் பொருந்தாது.