ஆன்லைன் ஏலத்தில் பழைய மெஷினுக்குப் புது விலை: கடையை விட அதிகம் கொடுத்து வாங்குவது ஏன்?

பெங்களூரில் ஐ.டி வேலையை விட்டுவிட்டு சின்னதாக ஒரு கஃபே தொடங்கினார் என் நண்பர். மூடப்பட்ட இன்னொரு கஃபேயின் எஸ்பிரஸோ மெஷினை ஆன்லைன் ஏலத்தில் எடுத்தார். "செம டீல், புது விலையில முக்கால்வாசிதான்" என்று வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் வந்தது. மூன்று வாரம் கழித்து பில்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், அந்தப் பணத்துக்கு டீலரிடம் புது மெஷினே வாங்கியிருக்கலாம். அதுவும் வாரன்ட்டியோடு.

இத்தனைக்கும் நண்பர் பத்து வருடம் எக்ஸெலிலேயே பிழைப்பு நடத்தியவர். அவருக்கே எப்படி இப்படி ஆனது?

இந்தக் கேள்வி இப்போது பலருக்கும் தேவைப்படுகிறது. சேமிப்பைப் போட்டு சொந்தமாக பேக்கரி, 3டி பிரின்டிங் கடை, சின்ன ஒர்க்‌ஷாப் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது செகண்ட் ஹேண்ட் உபகரணங்களைத்தான். முன்பெல்லாம் அதற்கு எஸ்.பி. ரோட்டிலோ பீன்யாவிலோ நேரில் அலைய வேண்டும். இப்போது போனிலேயே ஏலம் கேட்கலாம்.

எங்கெல்லாம் இந்த ஏலம் நடக்கிறது?

அரசு நிறுவனங்கள் கழித்துக்கட்டும் பொருட்கள் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி தளத்துக்கு வரும். 1964-ல் தொடங்கப்பட்ட, மத்திய உருக்கு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பொதுத்துறை நிறுவனம் இது. பழைய பேருந்து முதல் தொழிற்சாலை இயந்திரம் வரை அங்கே ஏலம் போகும். கடன் கட்டாதவர்களிடம் பொதுத்துறை வங்கிகள் கைப்பற்றிய சொத்துகளுக்கு 2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட 'பாங்க்நெட்' தளம் இருக்கிறது. 2016-ம் ஆண்டு திவால் சட்டத்தின்படி கலைக்கப்படும் நிறுவனங்களின் சொத்துகளும் மின் ஏலத்துக்கு வருகின்றன. இவை போக, மூடப்படும் ஸ்டார்ட்அப்களின் லேப்டாப், நாற்காலி, கிச்சன் சாமான்களை விற்கும் தனியார் தளங்கள் தனி.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வரி அறிவிப்பின் அடியில் இருக்கும்: எங்கே இருக்கிறதோ அங்கே, எப்படி இருக்கிறதோ அப்படியே. கழற்றுவது, தூக்குவது, கொண்டுபோவது, ஓட வைப்பது எல்லாம் வாங்கியவர் பாடு என்பதுதான் இதன் அர்த்தம். பலர் இதைப் படிக்காமலே டிக் செய்துவிடுகிறார்கள்.

ஸ்கிரீனில் தெரிவது விலை இல்லை

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. ஆனால் கணக்கு நடக்கும் விதம் இதுதான்.

ஒரு மெஷினின் புது விலை 3,00,000 ரூபாய். பெரும்பாலான இயந்திரங்களுக்கு ஜி.எஸ்.டி 18% என்பதால், கையில் வரும்போது 3,54,000. இதில் டெலிவரி, பொருத்தித் தருவது, ஒரு வருட வாரன்ட்டி எல்லாம் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

அதே மாடல் பழைய மெஷினை ஏலத்தில் 2,60,000-க்கு எடுக்கிறீர்கள். ஏலத் தளம் தனக்கென்று வாங்குபவரிடம் 10% கட்டணம் வசூலித்தால் 2,86,000. அதன்மேல் 18% ஜி.எஸ்.டி, ஆக 3,37,480. ஏற்றுகூலி, வண்டி வாடகைக்கு 12,000. சர்வீஸ், கேஸ்கெட், டெஸ்டிங் என்று 20,000. மொத்தம் 3,69,480 ரூபாய். புதுசை விட 15,480 அதிகம்!

ஏலம் முடிந்த நிமிடத்தில் மனதில் நின்றது 2,60,000-க்கும் 3,54,000-க்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே. மீதி எல்லாம் வேறு வேறு நாளில், வேறு வேறு பில்லாக, சின்னச் சின்னதாக வந்ததால் உறைக்கவில்லை.

இதை ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டன்ஜிம் ஹொசைன், ஜான் மோர்கன் ஆகிய பொருளாதார நிபுணர்கள் இசை சிடிக்களையும் எக்ஸ்பாக்ஸ் கேம்களையும் ஈபேயில் ஏலம் விட்டார்கள். தொடக்க விலையைக் குறைத்து, ஷிப்பிங் கட்டணத்தைக் கூட்டி வைத்தபோது பெரும்பாலும் அதிகப் பேர் ஏலம் கேட்டார்கள், விற்றவருக்கு அதிகப் பணமும் கிடைத்தது. 2006-ல் வெளியான ஆய்வு இது. மக்கள் ஷிப்பிங்கைப் பார்க்காமல் இல்லை. பார்த்தும் அதற்கு உரிய எடையைக் கொடுக்கவில்லை.

பக்கத்திலேயே குறைந்த விலை இருந்தும்...

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அடுத்தது. 'ரிச் டாட் புவர் டாட்' எழுதிய ராபர்ட் கியோசாகியின் 'கேஷ்ஃப்ளோ 101' என்ற போர்டு கேம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பணத்தை எப்படிக் கையாள்வது என்று சொல்லிக்கொடுக்கும் விளையாட்டு. 2004-ல் ஈபேயில் அது ஏலத்துக்கும் வந்தது. அதே தளத்தில், அதே நேரத்தில், சுமார் 130 டாலர் நிலையான விலைக்கும் கிடைத்தது. யங் ஹான் லீ, உல்ரிகே மால்மெண்டியர் இருவரும் அந்த ஏலங்களை ஆராய்ந்தார்கள். 42% ஏலங்கள் நிலையான விலையைத் தாண்டிப் போயிருந்தன. பண நிர்வாகம் கற்றுத்தரும் விளையாட்டுக்கே இந்தக் கதி.

2011-ல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் வந்த அந்த ஆய்வில் இன்னொரு எண் முக்கியமானது. நிலையான விலைக்கு மேல் கேட்டவர்கள் மொத்த ஏலதாரர்களில் வெறும் 17%. நூறு பேரில் 83 பேர் நிதானமாகத்தான் இருந்தார்கள். ஆனால் ஏலம் சராசரி மனிதருக்குப் பொருளைத் தருவதில்லையே. யார் மிக அதிகமாகக் கேட்டாரோ அவருக்குத்தான் தரும். கூட்டத்தில் ஒருவர் தப்புக்கணக்கு போட்டாலும் போதும், பொருள் அவர் வீட்டுக்குப் போய்விடும்.

இதற்கு 'வெற்றியாளரின் சாபம்' என்று பெயர். 1971-ல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூன்று பேர், மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல்களை ஏலம் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபம் பார்க்காதது ஏன் என்று யோசித்தபோது இதை விளக்கினார்கள். பூமிக்கு அடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எல்லோரும் மதிப்பிடுகிறார்கள். யாருடைய மதிப்பீடு உண்மையை விட்டு மேலே போனதோ அவரே ஜெயிக்கிறார்.

பின்னர் பேஸர்மன், சாமுவெல்சன் என்ற இருவர் எம்.பி.ஏ மாணவர்களிடம் ஒரு ஜாடியைக் காட்டி ஏலம் விட்டார்கள். உள்ளே இருந்தது 8 டாலர் மதிப்பு. மாணவர்களின் சராசரி மதிப்பீடு 5.13 டாலர், அதாவது உண்மையை விடக் குறைவு. ஆனால் ஜெயித்தவர்கள் கொடுத்த சராசரி விலை 10.01 டாலர்.

பழைய மெஷினும் அந்த ஜாடி மாதிரிதான். நாலு போட்டோவைப் பார்த்து உள்ளே பாய்லர் எப்படி இருக்கிறது, ஸ்பிண்டில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. சி.என்.சி மெஷின் என்றால் கன்ட்ரோலரின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதுகூட தெரியாது. கம்பெனி லேப்டாப் என்றால், பழைய நிறுவனத்தின் லாக் இன்னும் நீக்கப்படாமல் இருக்கலாம்.

எதிராளி யார் என்று தெரியுமா?

நேரடி ஏலத்தில் எதிரே நிற்பவர் முகம் தெரியும். ஆன்லைனில் தெரிவது ஒரு எண் மட்டும். "அவ்வளவு கேட்கிறார்னா ஏதோ தெரிஞ்சுதான் கேட்கிறார்" என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். இங்கேதான் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

அவர் ஜி.எஸ்.டி பதிவு செய்த தொழிற்சாலைக்காரராக இருந்தால், கட்டிய 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். 5% ஜி.எஸ்.டி வசூலிக்கும் உணவகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பதிவே செய்யாத சிறு வியாபாரிக்கும் கிடையாது. ஆக, ஒரே எண்ணைக் கேட்டாலும் அவருக்கு அது ஒரு விலை, உங்களுக்கு வேறு விலை. அவரிடம் ஏற்கெனவே அதே மாடல் ஓடிக்கொண்டிருந்து, தயாரிப்பு நின்றுபோன உதிரிபாகத்துக்காகக் கேட்பவராகவும் இருக்கலாம். புது மெஷின் வர மாதக்கணக்கில் ஆகும், கையில் ஆர்டர் இருக்கிறது என்றால், கடை விலைக்கு மேலேயே கொடுப்பதும் அவருக்கு லாபம்தான். எல்லா அதிக விலையும் ஏமாளித்தனம் ஆகிவிடாது.

2024-ல் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு முருகன் கோயிலில் ஒன்பது எலுமிச்சம்பழம் இரண்டு லட்சத்துக்கும் மேல் ஏலம் போன செய்தி நினைவிருக்கலாம். கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால் எடுத்தவர்களுக்கு எலுமிச்சையின் சந்தை விலை நன்றாகவே தெரியும். அவர்கள் வேறொன்றுக்குக் கொடுத்தார்கள். மெஷின் ஏலத்தில் சிக்கல், கடை விலை என்னவென்றே விசாரிக்காமல் கேட்பது.

இன்னொரு சந்தேகமும் வரும்: விற்பவரே ஆள் வைத்து விலையை ஏற்றினால்? 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவு இதைப் பேசுகிறது. பொய்யான ஏலம் கேட்டு விலையை ஏற்றியிருந்தால், வாங்கியவர் நினைத்தால் அந்த விற்பனையையே ரத்து செய்யலாம். ஆனால் ஆன்லைனில் நிரூபிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

கடைசி ஐந்து நிமிடம்

'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்' இங்கே கிடையாது. அதற்குப் பதிலாக, இந்திய மின் ஏலங்களில் பரவலாக இருப்பது தானியங்கி நீட்டிப்பு. கடைசி சில நிமிடங்களில் யாராவது விலையை ஏற்றினால் நேரம் இன்னும் ஐந்து நிமிடம் கூடும், மறுபடி ஏற்றினால் மறுபடி கூடும். பல வங்கி ஏல அறிவிப்புகளில் இந்த நீட்டிப்புக்கு வரம்பே இருக்காது. கடைசி நொடியில் யாரும் தட்டிக்கொண்டு போகாமல் இருக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் "இன்னும் ஐயாயிரம்தானே" என்று தோன்றும். முன்வைப்புத் தொகை கட்டியாச்சு, லீவு போட்டு பீன்யா வரை போய் மெஷினைப் பார்த்தாச்சு, இவ்வளவு தூரம் வந்துட்டு விடுவதா என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும்.

ஜெயித்த பிறகு வேண்டாம் என்றால் முன்வைப்புத் தொகை போய்விடும். நுகர்வோர் நீதிமன்றமும் எளிதல்ல: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிகப் பயன்பாட்டுக்கு வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கினேன் என்பவருக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை அவர்தான் நிறுவ வேண்டும்.

அப்போ எவ்வளவு வரை கேட்கலாம்?

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மேலே சொன்ன மெஷினையே எடுத்துக்கொள்வோம். வாரன்ட்டி இல்லாத பழைய மெஷின், புதுசின் மொத்த விலையில் 60 சதவீதத்துக்கு மேல் பெறாது என்று முடிவு செய்தால், உங்கள் உச்ச வரம்பு 2,12,400. அதில் வண்டிக்கும் சர்வீஸுக்கும் 32,000 கழித்தால் 1,80,400. தளக் கட்டணமும் ஜி.எஸ்.டியும் சேர்ந்து ஒவ்வொரு ரூபாயையும் 1.298 ரூபாய் ஆக்குவதால், அந்த எண்ணால் வகுங்கள். கிடைப்பது சுமார் 1,39,000. நண்பர் கேட்டதைப் போன்ற முக்கால்வாசி விலைக்குப் பக்கத்தில்கூட இல்லை, பாருங்க.

புது விலைக்கு இணையதள எம்.ஆர்.பியை எடுக்காதீர்கள், டீலரிடம் பேசி இறுதி விலையை வாங்குங்கள். பார்வையிட ஒதுக்கிய நாளில் கட்டாயம் போங்கள், மின்சாரம் கொடுத்து ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள், சீரியல் நம்பரை எடுத்து தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரில் உதிரிபாகம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

அவசரம் இல்லை என்றால் காத்திருப்பதும் ஒரு வழி. திவால் சட்டத்தின்படி கலைக்கப்படும் நிறுவனத்தின் சொத்து முதல் ஏலத்தில் போகாவிட்டால், அடுத்த ஏலத்தில் குறைந்தபட்ச விலையை 25% வரை குறைக்க விதிகள் இடம் கொடுக்கின்றன. அறிவிப்பில் இரண்டாவது ஏலம் என்று இருந்தால், முதல் ஏலத்தின் அறிவிப்பையும் தேடி எடுத்து இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.